ஸ்லாட் கார் பட்டறை: எந்தக் கருவி முதலில், எது வேண்டவே வேண்டாம்

பணி ஓய்வு பெற்ற மாதமே 120 உருப்படி கொண்ட ஒரு கருவிப் பெட்டியை வாங்கிவிட்டேன். பெட்டி கறுப்பு, கைப்பிடிகள் சிவப்பு, பார்க்க அம்சமாக இருந்தது. ஆறு வருடம் ஓடிவிட்டது. ஸ்லாட் கார் வேலைக்கு அதிலிருந்து நான் எடுப்பவை ஏழே ஏழு. மீதியை வைத்துக் குழாய்க்கு வாஷர் மாற்றலாம், ஜன்னல் கொக்கியை இறுக்கலாம், அவ்வளவுதான். எனக்கு ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். 31 வருடம் கணக்கு வாத்தியார். பட்டறை அனுபவம் பூஜ்யம். என்னைப் போலவே ஒன்றும் தெரியாமல் ஓய்வுக்குப் பிறகு இதில் இறங்குகிறவர்களுக்கு இது பயன்படலாம்.

ஸ்லாட் கார் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நாலு வரி. பாதையின் நடுவே ஒரு காடி. அதன் இரு பக்கமும் உலோகப் பட்டை, அதில் 12 வோல்ட் மின்சாரம். காரின் அடியில் உள்ள ஒரு நாக்கு காடிக்குள் இறங்கி வழிகாட்ட, நாக்கின் இரு பக்கமும் ஒட்டிய செம்புப் பின்னல் மின்சாரத்தை எடுத்து மோட்டாருக்குத் தரும். கையில் இருக்கும் கன்ட்ரோலரால் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இங்கிலாந்தில் ஃபிரெட் ஃபிரான்சிஸ் என்பவர் 1957-இல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இது வீட்டுக்கூடங்களுக்குள் வந்தது. இன்று பரவலாக ஓடுவது 1/32 அளவு. நிஜக் காரின் நீளத்தை 32-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் வரும். 1/24 அளவும் உண்டு, ஆனால் அதற்கு இடம் அதிகம் வேண்டும். வீட்டில் தொடங்குகிறவர்களுக்கு 1/32 போதும்.

முதல் மாதம் கடைப் பக்கமே போகாதீர்கள்

ஒரு ஆயத்தக் காரும், முட்டை வடிவத்தில் ஒரு சின்னப் பாதையும் வாங்கிக் கூடத்துத் தரையில் விரியுங்கள். ஒரு மாதம் ஓட்டுங்கள். ஒரு சின்ன ஸ்டார் திருப்புளி, ஒரு சாமணம், பழைய பருத்தித் துணி, இந்த மூன்றைத் தவிர எதுவும் வேண்டாம். காரைக் கழற்றுங்கள், மாட்டுங்கள், மறுபடி கழற்றுங்கள்.

அந்த ஒரு மாதத்தில் கார் தானாகவே குறை சொல்ல ஆரம்பிக்கும். நேர்ப் பாதையில் வேகம் பிடித்தால் தத்தும். பல்சக்கரம் ஆலைச் சங்கு மாதிரி ஊளையிடும். வளைவில் வால் வீசிக் காடியை விட்டு வெளியே பாயும். இந்த ஒவ்வொரு குறைக்கும் ஒரு கருவி இருக்கிறது. குறையைக் காதால் கேட்டு, கண்ணால் பார்த்த பிறகு அதற்கான கருவியை வாங்குங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். அதனால்தான் அந்த 120.

கண்ணுக்கு முதலில் செலவு செய்யுங்கள்

அறுபதில் நமக்குக் கை நடுங்குவதைவிடக் கண் ஏமாற்றுவதுதான் அதிகம். தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்று, விளக்கோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். மேசைக்கு வளைகழுத்து எல்.இ.டி. விளக்கு இரண்டு, இடமும் வலமுமாக. ஒரே விளக்கு என்றால் நம் கையின் நிழலே வேலை மேல் விழும்.

மேசையில் விளிம்பு கட்டிய ஒரு வெள்ளைத் தட்டு கட்டாயம் வேண்டும். பல்சக்கரத்தை அச்சில் பிடித்து வைக்கும் திருகு எறும்புத் தலை அளவுதான் இருக்கும். தரையில் விழுந்தால் போனது போனதுதான். நான் டிபன் பரிமாறும் எவர்சில்வர் தாம்பாளத்தில் பழைய வெள்ளை வேட்டித் துண்டை விரித்து வைத்திருக்கிறேன். விழுகிற திருகு துள்ளாது.

அப்புறம் ஒரு டிஜிட்டல் வெர்னியர், அதாவது தாடைக்கு நடுவே பிடித்துத் தடிமன் அளக்கும் கருவி. பல 1/32 கார்களில் அச்சின் விட்டம் 2.38 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் 32-இல் 3 பங்கு. மோட்டார் தண்டு பெரும்பாலும் 2 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்ணும் மனப்பாடமாக இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

பினியன்: சுத்தியலை எடுக்காதீர்கள்

மோட்டார் தண்டில் உட்காரும் சின்னப் பல்சக்கரம்தான் பினியன். அதன் துளை தண்டைவிட இம்மி அளவு குறைவாக இருக்கும். பசையும் கிடையாது, திருகும் கிடையாது. இறுக்கம் ஒன்றுதான் அதைப் பிடித்து வைக்கிறது. ஆகவே ஏற்றுவதும் கழற்றுவதும் நேர்கோட்டில், மெதுவாக நடக்க வேண்டும்.

என் முதல் மோட்டாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். புதுப் பினியனைத் தண்டு நுனியில் வைத்தேன். மோட்டாரை மேசையில் நிறுத்தினேன். பத்தர் வைத்திருப்பது போன்ற சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு. பினியன் அழகாக இறங்கியது. மின்சாரம் கொடுத்தால் மோட்டார் "ம்ம்" என்று முனகியதே தவிரச் சுற்றவில்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் பிளாஸ்டிக் மூடியில் தலைமுடி போல ஒரு விரிசல். நான் தட்டியது பினியனை. அடி வாங்கியது உள்ளே இருந்த சுருளும் பிரஷ்ஷும். தண்டின் பின்முனைக்குத் தாங்கல் இல்லாததால் அத்தனை அடியும் மூடிக்குப் போயிருக்கிறது.

பினியன் ஏற்றி இறக்கும் கருவி என்றே தனியாக ஒன்று விற்கிறது. சைக்கிள் செயின் கழற்றும் கருவியைப் பார்த்திருப்பீர்கள், அதே தத்துவம். ஒரு பக்கம் திருகைச் சுற்றினால் மெல்லிய ஊசி வந்து தண்டைத் தள்ளிப் பினியனைக் கழற்றும். மறுபக்கம் தண்டின் பின்முனையைத் தாங்கிக்கொண்டு புதியதை ஏற்றும். இது வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டியிருக்கும், சுங்கமும் கூரியரும் சேர்ந்து விலை கொஞ்சம் கடிக்கும். ஆனாலும் ஸ்லாட் காருக்கென்றே செய்த கருவிகளில் முதலில் வாங்க வேண்டியது இதுதான் என்பேன். வாங்கும்போது ஊசி தனியாக உதிரியாகக் கிடைக்குமா என்று பாருங்கள். கோணலாக வைத்து இறுக்கினால் முதலில் உடைவது ஊசிதான்.

அது வரும்வரை ஏற்றுவதற்கு மட்டும் ஒரு வழி உண்டு. சின்ன வைஸின் (திருகி இறுக்கும் இரும்புப் பிடியின்) ஒரு தாடையில் தண்டின் பின்முனை, மறு தாடையில் பினியன் என்று வைத்துக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குங்கள். கழற்றுவதற்கு இந்த வழி உதவாது. குறடால் பிடித்து இழுக்கிறேன் என்று ஆரம்பித்தால் பல் போய்விடும், பினியனுக்கு.

பல்லோடு பல் சேரும் இடைவெளிக்குக் கருவி வேண்டாம், ஒரு பஸ் டிக்கெட் போதும். பினியனுக்கும் அச்சில் உள்ள பெரிய சக்கரத்துக்கும் நடுவே டிக்கெட் தாளைக் கொடுத்து, இரண்டையும் நெருக்கித் திருகை இறுக்கிவிட்டு, சக்கரத்தை உருட்டித் தாளை வெளியே எடுத்தால் சரியான இடைவெளி நிற்கும். ஊளைச் சத்தம் முக்கால்வாசி இதிலேயே அடங்கும்.

அலன் கீயில் கஞ்சத்தனம் கூடாது

பெரிய சக்கரத்தையும் வீலையும் அச்சில் பிடிப்பது தலையில்லாத சின்னத் திருகு. எம்2 அளவு, அதாவது 2 மில்லிமீட்டர் திருகு என்றால் 0.9 மில்லிமீட்டர் அலன் கீ, அறுகோண நுனி வைத்த சாவி. அமெரிக்க அளவில் வரும் 4-40 திருகு என்றால் 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீட்டர். எம்2.5 என்றால் 1.3. இந்த 1.27-க்கும் 1.3-க்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியாது, திருகுக்குத் தெரியும். அளவு குறைந்த கீயைக் கொடுத்துத் திருப்பினால் அறுகோணம் உருண்டையாகிவிடும். பிறகு அந்த வீலை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

L வடிவ மலிவுக் கீகளை விட்டுவிடுங்கள். கைப்பிடி வைத்த, நுனி நன்றாகக் கடினப்படுத்தியதாக, உங்கள் காருக்கு வேண்டிய அளவில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். பத்து அளவு கொண்ட செட் வேண்டாம். நுனி தேய்ந்தால் எண்ணெய்க் கல்லில் நுனியை மட்டும் அரை மில்லிமீட்டர் சமமாகத் தேய்த்து எடுங்கள், புது விளிம்பு கிடைக்கும். திருகு வர மறுத்தால் சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகின் மேல் சில நொடி வைத்து எடுத்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். உள்ளே பூட்டுப் பசை இருந்தால் சூட்டில் இளகும். பிளாஸ்டிக் சக்கரத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

டயர் உருண்டை இல்லை, நம்புங்கள்

ஒரு சின்னக் கணக்கு. மோட்டார் நிமிடத்துக்கு 20,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். பினியனுக்கு 9 பல், பெரிய சக்கரத்துக்கு 27. மூன்றில் ஒன்று. அச்சு சுற்றுவது நிமிடத்துக்கு 6,667, நொடிக்கு 111. டயரில் ஒரு இடத்தில் 0.2 மில்லிமீட்டர் மேடு இருந்தால் காரின் பின்பக்கம் நொடிக்கு 111 தடவை தூக்கிப் போடப்படுகிறது. டயர் விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால் அந்த நேரத்தில் கார் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் போகிறது. தத்தாமல் என்ன செய்யும்?

டயரை உருண்டையாக்கவென்றே சின்ன லேத் போன்ற இயந்திரம் விற்கிறார்கள். நல்ல இயந்திரம்தான். ஆனால் பத்துப் பதினைந்து கார் சேரும்வரை அது வேண்டாம். அதற்கு முன் இப்படிச் செய்யுங்கள்.

டயரை ரிம்மில் ஒட்டிக் காயவிடுங்கள். ஒட்டாத டயர் தேய்க்கும்போது பிதுங்கும். கண்ணாடிக் கடையில் 10 மி.மீ. தடிமனில் கழிவுத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, அதன் மேல் 220 நம்பர் உப்புத்தாளை இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டுங்கள். முதலைக் கிளிப்பால் காரின் செம்புப் பின்னலுக்கு 4 அல்லது 5 வோல்ட் கொடுங்கள். டயரின் மேல் சாக்பீஸால் ஒரு பூச்சுப் பூசுங்கள். இப்போது பின்சக்கரம் தாளைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி காரைப் பிடியுங்கள். பத்து நொடி. நிறுத்திப் பாருங்கள். மேட்டில் மட்டும் வெள்ளை போயிருக்கும், பள்ளத்தில் அப்படியே இருக்கும். மறுபடி பத்து நொடி. அழுத்தினால் மோட்டார் சுடும், டயரும் குழையும். பொறுமையாக ஐந்தாறு முறை. வெள்ளை முழுவதும் போன பிறகு 400 தாளுக்கு மாறுங்கள், கடைசியில் 600, ஒரு சொட்டுத் தண்ணீரோடு. மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். ரப்பரும் யூரித்தேனும் இந்த வழிக்கு வரும். சிலிக்கோன் டயர் வராது, உப்புத்தாளில் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

இதற்கு வேண்டிய மின்சாரத்துக்கு 0 முதல் 15 வோல்ட் வரை மாற்றக்கூடிய பவர் சப்ளை ஒன்று. சென்னை ரிச்சி தெருவில் ஒரு நடை நடந்தால் கிடைக்கும். புது மோட்டாரை 3 வோல்ட்டில் அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டுப் பழக்கவும் இதுதான் உதவுகிறது. கூடவே ஒரு மல்டிமீட்டர்.

பத்தர், மீன்பிடிச் சாமான் கடை, பல் டாக்டர்

ஸ்லாட் காருக்கான அரம், ஸ்லாட் காருக்கான ரம்பம் என்று பெயர் ஒட்டி விற்பவற்றை வாங்காதீர்கள். இரும்புக்குப் பெயர் தெரியாது. நம் ஊரில் பொன் வேலை செய்கிறவர்களிடம் இதைவிட நல்ல கருவிகள் இருக்கின்றன. திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த பத்தர் ஒருவர். முதல்நாள் நான் காரைக் காட்டியதும் கண்ணில் லூப்பை வைத்துக்கொண்டு அடியைப் பார்த்தார். "சார், இது திருகாணி வேலை மாதிரிதான் இருக்கு" என்றார். பித்தளைத் தகடு வெட்ட நான் தகரக் கத்தரி பயன்படுத்துவதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, நகை வெட்டும் மெல்லிய ரம்பத்தை எடுத்து, அதன் பல் கைப்பிடிப் பக்கம் பார்க்கும்படி அலகை மாட்டிக் காட்டினார். தள்ளும்போது வெட்டாது, இழுக்கும்போதுதான் வெட்டும். கத்தரித்தால் தகடு நெளியும், இதில் நெளியாது. அலகில் கொஞ்சம் மெழுகைத் தடவிக்கொள்ள வேண்டும். அப்படியும் முதல் நாள் ஏழு அலகு உடைத்தேன். அவர் எண்ணிக்கொண்டே இருந்தார்.

அவரிடம் கேட்டு, நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடையில் வாங்கியவை: ஊசி அரம் செட், ரம்பமும் டஜன் கணக்கில் அலகும், விரலால் சுழற்றும் சின்னத் துளைக்கருவி, தட்டை மூக்குக் குறடு, 0.1 கிராம் வரை காட்டும் தராசு. இந்தத் தராசு ஏன் என்றால், காருக்குப் பாரம் வைப்பதே கிராம் கணக்கில்தான்.

பாரத்துக்கு ஈயம் வேண்டும். டங்ஸ்டன் துண்டுகள் இறக்குமதியில் வரும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். கடலூர் முதுநகரில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு எடைக்குக் கிடைக்கும். சுத்தியலால் தட்டிப் பட்டையாக்கிக் கத்தரித்து, இரட்டைப்பக்க டேப்பால் காரின் தரைத்தட்டில் ஒட்டினால் முடிந்தது. நாக்குக்கும் பின்அச்சுக்கும் நடுவே, முடிந்தவரை தாழ்வாக வையுங்கள். ஐந்து கிராமில் ஆரம்பியுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டைத் தொடக்கூடாது. பேரப்பிள்ளைகள் வரும் வீடு என்றால் பூட்டி வைக்க வேண்டும்.

பல் மருத்துவர் விஷயம் தற்செயலாகத் தெரிந்தது. பல் மருத்துவரின் நேர் ஹேண்ட்பீஸில் (கையில் பிடிக்கும் சுழல் கருவியில்) போடும் பர் எனப்படும் குடையும் முனைகளின் காம்பு 2.35 மில்லிமீட்டர். கையடக்கச் சுழல் கருவியின் 2.4 மில்லிமீட்டர் பிடியில் கச்சிதமாக உட்காரும். புதிதாகவே பல் மருத்துவச் சாமான் கடையில் கிடைக்கிறது. பிளாஸ்டிக் பாடியின் உள்பக்கத்தைச் சுரண்டி எடை குறைக்க இதைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை. காருக்குள் குனிந்தபடி அதை ஓட்டும்போது நம் பல் கூசுவது மட்டும் நிற்கவில்லை.

சொந்தமாகச் சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) கட்டும்போது

இதற்கு ஒரு வருடம் கழித்து வாருங்கள். பித்தளைத் தகடும் ஸ்பிரிங் ஸ்டீல் கம்பியும் வைத்து ஈயம் பற்றவைத்துச் செய்வது. இந்தக் கம்பியை நல்ல கட்டிங் பிளேயரில் வெட்டினால் பிளேயரின் வாயில் பள்ளம் விழும். சுழல் கருவியில் வெட்டுச் சில்லைப் போட்டு அறுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு.

சால்டரிங் அயர்ன் இரண்டு வேண்டும். மோட்டார் வயருக்கு 25 வாட். பித்தளைக்கு 60-க்குக் குறையாமல், ஏனென்றால் தகடு சூட்டை உறிஞ்சிக்கொண்டு பரப்பிவிடும். பற்றவைக்கும் ஈயம் 63/37 வாங்குங்கள், அதாவது 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம். 183 டிகிரியில் ஒரே மூச்சில் உருகி ஒரே மூச்சில் உறையும், கூழ் நிலையில் நிற்காது, கை கொஞ்சம் ஆடினாலும் மூட்டு கெடாது. நம் வயதுக்கு இது பெரிய உபகாரம். ஈயம் நன்றாகப் பிடிக்க உலோகத்தில் தடவும் ஃபிளக்ஸும் வேண்டும். வயருக்கு ரோசின் ஃபிளக்ஸ். பித்தளைக்கும் எஃகுக்கும் அமில ஃபிளக்ஸ் வேண்டியிருக்கும், வேலை முடிந்ததும் ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஜன்னலைத் திறந்துவையுங்கள், புகையை வெளியே தள்ள ஒரு சின்ன ஃபேன்.

எல்லாவற்றையும் நேராகப் பிடித்து வைக்கும் அச்சுப்பலகைக்கு வெளிநாட்டு விலை கொடுக்க வேண்டாம். எலக்ட்ரிக் கடையில் ஹைலம் தகடு (மின்சாரப் பலகைக்குப் போடும் கெட்டியான தகடு) 12 மி.மீ. தடிமனில் ஒரு துண்டு வாங்கி, நடுக்கோடும் இரண்டு அச்சுக்கோடும் துல்லியமாக வரைந்து, லேத் பட்டறையில் துளை போட்டு வாங்கினேன். புதுச்சேரி தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் இப்படிச் சின்ன வேலை செய்து தருகிறவர்களைத் தேடிப் பிடிக்கலாம். வாயால் சொல்லாதீர்கள், அளவு போட்ட படத்தோடு போங்கள். செங்கோணம் சரியா என்று பார்க்க 30, 40, 50 மில்லிமீட்டர் முக்கோணம் போதும். பிள்ளைகளுக்கு 31 வருடம் சொல்லிக் கொடுத்த பித்தாகரஸ் எனக்குக் காசு மிச்சம் பிடித்துக் கொடுத்தது இங்கேதான்.

கட்டி முடித்த காரை வைத்துப் பார்க்கச் சமதளம் வேண்டுமே? சமையல் மேடைக்குச் சிங்க் வைக்க வெட்டிய கிரானைட் துண்டு எங்கள் வீட்டில் கொல்லையில் கிடந்தது. அதன் பளபளப்பான பக்கம் இந்த வேலைக்குத் தாராளம். காரை அதன் மேல் வைத்து, நாலு வீலுக்கு அடியிலும் பஸ் டிக்கெட்டை நுழைத்துப் பாருங்கள். ஒரு வீலுக்கு அடியில் மட்டும் தடையில்லாமல் போனால் சேசிஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது. "ஏங்க, அந்தக் கல்லை எடுத்து உள்ள வெச்சிட்டீங்களா? நான் துணி துவைக்க வெச்சிருந்தேன்" என்று வீட்டில் கேட்டபோதுதான் அது ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தம் என்று தெரிந்தது.

உப்புக் காற்று

தேவனாம்பட்டினம் கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வெளியூர் வழிகாட்டிகளில் இல்லாத பிரச்சினை நமக்கு இது. துடைக்காமல் வைத்த எஃகு இரண்டே நாளில் சிவந்துவிடும்.

அமில ஃபிளக்ஸ் பாட்டிலை ஒருமுறை கருவிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டேன். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்துத் திறந்தால் ஊசி அரம், துளைக்கருவி, வெர்னியர் தாடை எல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்தது போல இருந்தன. ஃபிளக்ஸ் கருவிகளோடு ஒரே அறையில்கூட வேண்டாம். என்னுடையது இப்போது மாடிப்படிக்கு அடியில், தனி டப்பாவில்.

வேலை முடிந்ததும் தையல் மிஷின் எண்ணெய் தோய்ந்த துணியால் ஒரு துடைப்பு. அரத்துக்கு மட்டும் எண்ணெய் கூடாது, பல்லில் தூள் அப்பிக்கொள்ளும். அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்து வையுங்கள், ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். காற்றுப் புகாத டிபன் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பினியன் கருவியும் அலன் கீயும் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் எதையும் தரைமட்ட அலமாரியில் வைக்காதீர்கள். 2015 நவம்பர் வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பாண்டி ஞாயிறு சந்தை

மினி லேத் கேட்பவர்களுக்கு: வேண்டாம். அது தனியாக ஒரு பொழுதுபோக்கு, காருக்கு நேரம் விடாது.

பழைய கருவி வாங்க மகாத்மா காந்தி சாலை ஞாயிறு சந்தை நல்ல இடம். கடலூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பாண்டி போகிறேன் என்றால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி சிரிப்பார், கண்டுகொள்ளாதீர்கள். சட்டைப்பையில் மூன்று சாமான் வைத்துக்கொள்ளுங்கள்: நேராக இருக்கும் ஒரு 2.38 அச்சு, ஒரு சின்னக் காந்தம், ஒரு துண்டு பித்தளைத் தகடு. பித்தளைக் குறடு, பித்தளைக் கம்பி என்று சொன்னால் காந்தத்தை வையுங்கள், ஒட்டினால் உள்ளே இரும்பு. அரத்தைத் தகட்டில் ஒரு இழு இழுங்கள், வழுக்கினால் பல் போய்விட்டது. சாமணத்தின் நுனி சேருகிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சின்ன வைஸ் என்றால் தாடையை மூடி, நடுவே ஒளி கசிகிறதா என்று பாருங்கள். வெர்னியர் என்றால் மூடினால் பூஜ்யம் காட்ட வேண்டும், அச்சைக் கொடுத்தால் 2.36-க்கும் 2.40-க்கும் நடுவே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பேரம் பேசாமல் வைத்துவிட்டு அடுத்த விரிப்புக்கு நகருங்கள்.